காலி ஓஎஸ்ஆர் நிலம்: குறுங்காடா, குளப் பூங்காவா, நடைபாதைப் பூங்காவா, வேலி மட்டும் போதுமா?

தெருக்கோடியில் 25 சென்ட் ஓஎஸ்ஆர் நிலம், அதாவது மனை அனுமதியின்போது திறந்தவெளியாக ஒதுக்கிய இடம். மாநகராட்சியின் பெயர்ப்பலகை சாய்ந்து நிற்கிறது. அதன் பின்னால் கட்டட இடிபாடு, சீமைக் கருவேலம், நாலைந்து பனை. கவுன்சிலர் "என்ன வேண்டும்னு சங்கத்துல முடிவு பண்ணி மனு கொடுங்க" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். சங்கக் கூட்டத்தில் ஒருவர் மியாவாக்கிக் காடு, அதாவது மரங்களை நெருக்கி நடும் குறுங்காடு, கேட்கிறார். போன மழையில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தவர் ஸ்பாஞ்ச் பார்க், அதாவது மழைநீரை ஏந்தும் குளப் பூங்கா, கேட்கிறார். மூத்தவர்களுக்கு நடக்க இடம் வேண்டும். பறவை பார்க்கும் இளைஞர் ஒருவர் எதையும் தொடாதீர்கள் என்கிறார்.

நால்வர் சொல்வதும் நியாயம்தான். ஆனால் நால்வரும் திட்டத்தை முதலில் எடுத்துக்கொண்டு நிலத்துக்குப் பிறகு வருகிறார்கள். இங்கே அதைத் திருப்பிப் போட்டுப் பார்ப்போம். கணக்குகள் சென்னையை வைத்து எழுதப்பட்டவை. தாம்பரம், ஆவடி, கடலூர் போன்ற கிழக்குக் கடற்கரை ஊர்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும். கோவைக்கும் மதுரைக்கும் மழை, மண் இரண்டும் வேறு.

ஒப்பிட வசதியாக நிலம் 1,000 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அதாவது ஏறத்தாழ 25 சென்ட், நாலரை கிரவுண்டு.

## முதலில் நிலத்தைக் கேளுங்கள்

ஆவணம். ஓஎஸ்ஆர் என்றால் திறந்தவெளி ஒதுக்கீடு. 3,000 சதுர மீட்டரைத் தாண்டும் மனைக்கு அனுமதி வாங்குவோர் 10 சதவீதம் ஒதுக்க வேண்டும். 10,000 சதுர மீட்டரைத் தாண்டினால் நிலமாகவே தானப்பத்திரம் எழுதித் தர வேண்டும். பணம் கட்டித் தப்ப முடியாது. அந்தத் தானப்பத்திரம் உண்மையில் பதிவாகியிருக்கிறதா, நகர நில அளவைப் பதிவேட்டில் இடம் என்ன வகையில் இருக்கிறது என்று பாருங்கள். 'குளம்', 'குட்டை', 'தாங்கல்', 'ஓடை' என்று இருந்தால் மேற்கொண்டு யோசிக்க ஒன்றுமில்லை. அது நீர்நிலை. அங்கே காடும் வேண்டாம், நடைபாதையும் வேண்டாம்; நீர்நிலையாகவே மீட்க வேண்டும். 'நல்ல காரியம்தானே' என்று குட்டையில் மண்ணடித்து மரம் நட்ட இடங்களில் அடுத்த ஐப்பசியிலேயே தண்ணீர் பக்கத்துத் தெருவுக்குப் போகும்.

மட்டம். நிலம் சாலையைவிடத் தாழ்வா, மேடா? கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. கொத்தனாரிடம் இருக்கும், தண்ணீர் நிரப்பி மட்டம் பார்க்கும் டியூப் லெவல் போதும். சாலையின் நடு, வடிகாலின் அடித்தளம், நிலத்தின் நான்கு மூலை, நடுப்பகுதி என்று அளந்து ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். நால்வகையில் எது என்பதைப் பாதிக்குமேல் தீர்மானிப்பது இந்தத் தாள்தான்.

மண். 2 அடிக்கு 2 அடியில், 3 அடி ஆழக் குழி வெட்டுங்கள். தண்ணீர் நிரப்பி முழுதும் வடிய விடுங்கள். இரண்டாம் முறை நிரப்பி, குச்சியில் மட்டத்தைக் குறித்து, மணிக்கு எத்தனை செ.மீ. இறங்குகிறது என்று பாருங்கள். முதல் முறை அளந்தால் கணக்கு தப்பும். காய்ந்த மண் எதையும் குடிக்கும். மணிக்கு 5 செ.மீ.க்கு மேல் இறங்கினால் மணற்பாங்கு, 1 செ.மீ.கூட இறங்காவிட்டால் களி. பொதுவாகத் திருவான்மியூர், பெசன்ட் நகர்ப் பக்கம் மணல். அண்ணா நகர், விருகம்பாக்கம், கே.கே. நகர்ப் பக்கம் களி. கிண்டி, வேளச்சேரி, ஆதம்பாக்கம் பக்கம் சில அடியிலேயே பாறை. ஆனால் ஓஎஸ்ஆர் நிலத்தின் மேல் 3 அடி பெரும்பாலும் இயல்பான மண்ணே அல்ல. பில்டர் கொட்டிய செங்கல்லும் சிமென்டும்தான். குழி வெட்டினால்தான் அது தெரியும்.

மூன்றாம் ஆண்டுக்கு யார் பொறுப்பு? சிஎஸ்ஆர் நிதி, அதாவது நிறுவனங்கள் தரும் சமூகப் பொறுப்பு நிதி, நடுவதற்கு வரும், படம் எடுப்பதற்கு வரும். தண்ணீர் ஊற்ற வராது. ஒப்பந்தத்தில் பராமரிப்பு எத்தனை மாதம், அதன்பின் எந்தத் துறை, அந்த இடத்துக்குத் தண்ணீர் எங்கிருந்து என்று மூன்று பதிலும் கையில் இல்லாமல் காடு கேட்க வேண்டாம்.

யார் பயன்படுத்துவார்கள் என்பதைக் கடைசியாக வைக்கலாம். அரை கிலோமீட்டருக்குள் வேறு பூங்கா இருந்தால் இங்கே இன்னொன்று தேவையில்லை. இல்லையென்றால் குழந்தைகளின் விளையாட்டிடத்தைப் பறித்துக் காடு வளர்ப்பதை அந்தக் காட்டாலேயே நியாயப்படுத்த முடியாது.

## மியாவாக்கிக் குறுங்காடு

ஜப்பானியத் தாவரவியலாளர் அகிரா மியாவாக்கி உருவாக்கிய முறை. மண்ணை ஆழமாகத் தளர்த்தி, அந்த இடத்துக்குரிய பல வகை நாட்டு மரங்களை மிக நெருக்கமாக நட்டு, ஒன்றோடொன்று ஒளிக்குப் போட்டியிட வைப்பது. சென்னை மாநகராட்சி 2020-ல் கோட்டூர்புரத்தில் தொடங்கி, பிறகு பல மண்டலங்களிலும் இதைச் செய்தது.

என்ன வேண்டும். 1,000 சதுர மீட்டரை 1 மீட்டர் ஆழம் கிளற வேண்டுமென்றால் 1,000 கன மீட்டர் மண். லாரிக்காரர் கணக்கில் சொன்னால் சுமார் 350 யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி). இடிபாடு கலந்திருந்தால் அதைச் சலித்து வெளியேற்றும் செலவு செடியின் விலையைத் தாண்டும். சதுர மீட்டருக்கு 3 முதல் 4 கன்று. மொத்தம் 3,000 முதல் 4,000. மக்கிய எரு சதுர மீட்டருக்கு 3 முதல் 5 கிலோ. மண் இளக நெல் உமி, ஈரம் பிடிக்கத் தென்னைநார்க் கழிவு. நட்டபின் மேலே வைக்கோல் மூடாக்கு ஐந்தாறு டன்.

தவறு நடப்பது பெரும்பாலும் இந்தப் பட்டியலுக்குள்தான். கழுவாத தென்னைநார்க் கழிவில் உப்பு இருக்கும். இலை நுனி கருகினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது அதை. மக்காத சாணத்தோடு வேர்ப்புழு வரும். வைக்கோலைத் தண்டை ஒட்டிக் குவித்தால் கறையான் ஏறும். ஒரு சாண் விட வேண்டும். கன்று 2 முதல் 2.5 அடி உயரம் போதும். ஒப்பந்ததாரர் 6 அடிக் கன்றைப் பெருமையாக இறக்குவார். பையில் வேர் சுருண்டு வளர்ந்த அந்தக் கன்றுதான் முதல் புயலில் சாயும்.

எந்த மரம். கிழக்குக் கடற்கரையின் இயல்பான காடு வானுயர்ந்த மழைக்காடு அல்ல. உயரம் குறைந்த, இலை தடித்த, உலர் பசுமைமாறாக் காடு. கிண்டி தேசியப் பூங்காவின் 2.7 சதுர கிலோமீட்டரிலும் சில கோயில் காடுகளிலும் அதன் மிச்சத்தைப் பார்க்கலாம். வீரை, உலக்கைப்பாலை, இரும்பிலி, காசான், விளா, நாவல், புங்கன், சரக்கொன்றை, கீழ்த்தட்டில் நொச்சி, ஆடாதோடை என்றுதான் பட்டியல் போக வேண்டும். மெதுவாக வளரும் வீரையும் பாலையும் நர்சரியில் எளிதில் கிடைக்காது. அதனால் எஸ்டிமேட்டில் 'நாட்டு மரங்கள்' என்று மட்டும் எழுதியிருந்தால் மகோகனியும் தேக்கும் வந்து இறங்கும். கோனோகார்பஸ் என்கிற அயல்மரம் வந்தால் திருப்பி அனுப்புங்கள். அதை நடுவதற்குத் தமிழக அரசு 2025-ல் தடை விதித்துவிட்டது.

வெளியே தெரியாத செலவு. முதல் இரண்டு கோடைகளில் சதுர மீட்டருக்கு நாளுக்கு 5 லிட்டர் என்றால் நாளுக்கு 5,000 லிட்டர். மாதத்துக்கு 9,000 லிட்டர் டேங்கர் 16, 17 தடவை வர வேண்டும். வளாகத்தில் போர்வெல் இல்லாத குறுங்காடு மாசியில் வாடத் தொடங்கும். இரண்டாவது, களை. நிழல் மூடும்வரை, அதாவது 2 முதல் 3 ஆண்டு, கையால் பறிக்க வேண்டும். மூன்றாவது செலவு காசில் வராது. நெருக்கி நட்டால் ஒரு பங்கு கன்று சாகத்தான் செய்யும், இந்த நடவு முறையே அப்படித்தான். ஆனால் ஆய்வுக்கு வரும் அதிகாரி செத்த குச்சியைத்தான் பார்ப்பார். எண்ணிக்கையைச் சரிக்கட்ட உடனே வளரும் ஏதோ ஒன்று இடைவெளியில் நடப்படும். கலவை அங்கே கெடும்.

நான்காவது, பயம். ஐந்தாம் ஆண்டில் உள்ளே பார்வை போகாத சுவராகிவிடும். பாம்பு, குடிகாரர்கள் என்று புகார் வரும். சுற்றிலும் கம்பிவலை வேலியும், வேலிக்கும் முதல் வரிசைக்கும் இடையே 1.5 மீட்டர் வெறுமையும், பூட்டும் வேண்டும். மேலே மின்கம்பி போனால் அதற்குக் கீழே புதர்த்தட்டு மட்டும்.

இந்த அடர்த்தி நம் ஊருக்குத் தேவையா என்பது தனிக் கேள்வி. ஈரம் மிகுந்த நாட்டில் உருவான முறை இது. உலர் காட்டில் மரங்களுக்கு வேர்ப்பரப்பு அதிகம் வேண்டும். சதுர மீட்டருக்கு ஒன்று என்று நட்டு, குழிக்கு மட்டும் எரு போட்டால் கன்றும் மண்வேலையும் மூன்றில் ஒரு பங்காகும். மூடுவதற்கு இரண்டு மூன்று ஆண்டு கூடுதலாகும், அவ்வளவே. காத்திருக்க முடிந்த சங்கம் இதைத்தான் கேட்க வேண்டும்.

எங்கே சரி. சாலைத் தூசியும் இரைச்சலும் தடுக்க வேண்டிய, மேடான, போர்வெல் உள்ள, பக்கத்தில் வேறு பூங்கா இருக்கிற இடம். குப்பை கொட்டுவது நிற்காத நிலத்துக்கும் இது நல்ல பூட்டு.

எங்கே தவறு. கார்த்திகையில் பத்து நாள் தண்ணீர் நிற்கும் களிநிலம். வேர் மூச்சுத்திணறி கூட்டமாகச் சாகும். வேறு வழியில்லையென்றால் ஒரு அடி உயர மேட்டுப் பாத்தி கட்டி, நீர்மருது, புங்கன், நாவல் என்று ஈரம் தாங்குவதை மட்டும் நடலாம்.

## ஸ்பாஞ்ச் பார்க் என்கிற குளப் பூங்கா

பெயர் புதியது; வேலை பழையது. மழை பெய்யும்போது தண்ணீரை ஏந்தி, மெல்ல மண்ணுக்குள் விடும் பள்ளம். கோடையில் அதே பள்ளம் விளையாட்டுத் திடல். ஊருக்கு ஊர் கோயில் குளமும் தாங்கலும் வைத்தவர்களுக்கு இதற்குத் தனிப்பெயர் தேவைப்படவில்லை.

எவ்வளவு ஏந்தும். மேல்பரப்பு 30 மீட்டருக்கு 10 மீட்டர், ஆழம் 1 மீட்டர், கரை 1-க்கு 2 சரிவு (1 மீட்டர் இறங்க 2 மீட்டர் அகலம்) என்று வெட்டினால் கொள்ளளவு சுமார் 2.25 லட்சம் லிட்டர். 6 மீட்டர் அகலம், 300 மீட்டர் நீளமுள்ள தார்ச்சாலையில் 100 மி.மீ. மழை பெய்தால் ஓடிவருவது ஏறத்தாழ 1.6 லட்சம் லிட்டர். ஆக, 300 சதுர மீட்டர் பள்ளம் ஒரு தெருவின் ஒருநாள் கனமழையை வாங்கிக்கொள்ளும். இரண்டாம் நாளும் அதே மழை பெய்தால்? முதல் நாள் தண்ணீர் எவ்வளவு இறங்கியது என்பதைப் பொறுத்தது. அதனால்தான் குழிச் சோதனை. மேல்மட்டத்தில் வடிகாலுக்கு ஒரு மிகைநீர்க் குழாய் இல்லாத குளப் பூங்கா, இரண்டாம் நாள் வெள்ளத்துக்குத் தானே காரணமாகும்.

பாகங்கள். சாலையிலிருந்து நுழைவாய், அதில் கம்பி வடிகட்டி. அடுத்து வண்டல் தொட்டி, 1.5 மீட்டர் நீளமாவது வேண்டும், ஆள் இறங்கி அள்ளும் மூடியோடு, பிறகு பள்ளம், பள்ளத்தின் அடியில் உறைகிணறு. 3 அடி விட்ட உறைகளை 12 முதல் 15 அடிவரை இறக்கி மணல் அடுக்கைத் தொட வேண்டும். களிக்குக் கீழே மணல் இருக்கும் இடத்தில் இது பிரமாதமாக வேலை செய்யும். அடியில் பாறையென்றால் உறைகிணற்றுக்குச் செலவழிப்பது வீண்; பள்ளத்தை மட்டும் வெட்டி, மிகைநீரை வடிகாலுக்கு விடுங்கள். கடலோரத்தில் ஐப்பசியில் நிலத்தடி நீர் 2 மீட்டரிலேயே நிற்கும் இடங்களில் கிணறு நிரம்பியேதான் இருக்கும். மழைக்கால நீர்மட்டத்துக்கும் கிணற்றின் அடிக்கும் இடையே 2 மீட்டராவது இருக்கும்படி ஆழத்தைக் குறைக்க வேண்டும். அந்த இடைவெளி கிடைக்கவில்லையென்றால் கிணறு வேண்டாம்.

பள்ளத்தின் கரையைக் கான்கிரீட்டால் பூசும் வழக்கம் ஒன்று இருக்கிறது. பார்க்கப் பளிச்சென்று இருக்கும், பில் போடவும் வசதி. கரை வழியாக இறங்கும் நீரை அது அப்படியே நிறுத்திவிடும். வெட்டிவேர், அறுகு, கோரை போதும். சரிவு கூடுதலான இடத்தில் கருங்கல் சும்மா அடுக்கிய கரை.

சாக்கடைச் சோதனை. இதைச் செய்யாமல் குளப் பூங்கா கேட்கவே கூடாது. சித்திரையில், மழையே இல்லாத ஒரு காலை ஏழு மணிக்கு, அந்தத் தெருவின் மழைநீர் வடிகால் மூடியைத் திறந்து பாருங்கள். உள்ளே தண்ணீர் ஓடினால் அது மழைநீர் அல்ல. யாரோ கழிவுநீர்க் குழாயைத் திருட்டுத்தனமாக இணைத்திருக்கிறார்கள். அந்த வடிகாலைப் பள்ளத்தோடு இணைத்தால் ஒரு வருடத்தில் பூங்கா சாக்கடைக் குட்டையாகும், உறைகிணறு வழியாக அது பக்கத்து வீட்டுக் கிணற்றுக்கும் போகும். முதலில் குடிநீர் வாரியத்தில் புகார் கொடுத்து இணைப்பைத் துண்டிக்க வேண்டும். அது நடக்காதென்று தெரிந்தால், வடிகாலை விட்டுவிட்டுச் சாலையின் மேற்பரப்பு நீரையும் சுற்றுவட்ட மொட்டைமாடி நீரையும் மட்டும் நேரடியாக இறக்குங்கள்.

வெளியே தெரியாத செலவு. வண்டல் தொட்டியை ஆண்டுக்கு இரண்டு தடவை, புரட்டாசித் தொடக்கத்திலும் மழைக்கு நடுவிலும், அள்ள வேண்டும். அள்ளாவிட்டால் நுண்வண்டல் பள்ளத்தின் அடியில் படிந்து மேலோடாகிவிடும். மூன்றாம் மழைக்காலத்தில் 'முன்ன மாதிரி இறங்கல' என்பார்கள். பள்ளத்தின் அடியை ஆண்டுக்கொரு முறை மண்வெட்டியால் ஒரு விரல் ஆழம் சுரண்டினாலே சரியாகும். கொசு அடுத்த புகார். கொசு முட்டையிலிருந்து பறக்க ஒரு வாரம் போதும்; எனவே மழை நின்று மூன்று நாளில் பள்ளம் காய்வதுபோல் கணக்கிட வேண்டும். நிரந்தரமாக நீர் நிற்கும் குளமென்றால் மீன் வேண்டும். உறைகிணற்றின் வாய்க்கு வலை கட்டாயம். குழந்தைகள் விழும் பயத்துக்கு மருந்து வேலியல்ல, சரிவுதான்: 1-க்கு 2 சரிவில் விழுந்த பிள்ளை ஏறி வரும், செங்குத்துச் சுவரில் வராது.

எங்கே சரி. சாலையைவிடத் தாழ்ந்த, மழையில் தண்ணீர் தானாக வந்து சேரும் நிலம். மணற்பாங்கானால் இன்னும் நல்லது.

எங்கே தவறு. சாலையைவிட மேடான நிலம். தண்ணீர் ஏறி வராது. பம்பு வைத்து ஏற்றலாம் என்று யாராவது சொன்னால், மழை நாளில் கரண்ட் இருக்குமா என்று மட்டும் கேளுங்கள்.

## நடைபாதைப் பூங்கா

இதற்கு அதிகம் சொல்லத் தேவையில்லை, எல்லாரும் பார்த்ததுதான். சுற்றி நடைபாதை, நடுவே புல்தரை, ஊஞ்சல், உடற்பயிற்சிக் கருவி, விளக்கு. மக்கள் அதிகம் பயன்படுத்துவது இதைத்தான், குறிப்பாகப் பெண்களும் முதியவர்களும். சூழலுக்குக் குறைவாகத் தருவதும் இதுதான். ஆனால் இரண்டையும் கொஞ்சம் நெருங்க வைக்கலாம்.

புல்தரைதான் பெரிய ஓட்டை. அதன் கோடைத் தண்ணீர்த் தேவை குறுங்காட்டுக்கு ஏறத்தாழச் சமம். வித்தியாசம், காட்டுக்கு இரண்டு வருடம், புல்லுக்கு ஆயுள் முழுக்க. புல்லை 100 சதுர மீட்டருக்குள் அடக்கி, மீதியைச் செம்மண் தரையாக விடுங்கள். பேவர் பிளாக் போட்டால் மழைநீர் இறங்கும் என்று நம்ப வேண்டாம். அடியில் கான்கிரீட் போட்டு மேலே அடுக்கினால் அதுவும் தளம்தான். மணல் படுகைமேல் போடச் சொல்லி எஸ்டிமேட்டில் எழுத வேண்டும். கெட்டித் தளம் மொத்தத்தில் 15, 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. மரத்தைச் சுற்றி 4 அடிக்கு 4 அடியாவது மண் திறந்திருக்க வேண்டும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் அடித்தபோது நகரில் பெருமளவில் சாய்ந்தவற்றில் குல்மோகரும் பெருங்கொன்றையும் உண்டு. கழுத்துவரை சிமென்ட் பூசிய மரங்களுக்கு வேர் பிடிக்க மண்ணே இல்லை. வேம்பு, புங்கன், மகிழம், புன்னை நடலாம்.

மறைந்த செலவு: காவலாளி, மின்கட்டணம், கழிப்பறை. கழிப்பறை இல்லாத பூங்காவில் பெண்கள் அரைமணி நேரத்துக்குமேல் இருப்பதில்லை.

## வேலியிட்டு விடுதல்

யாரும் கேட்காத வழி. திறப்பு விழாவும் இல்லை, கல்வெட்டும் இல்லை. இடிபாட்டை அகற்றி, சீமைக் கருவேலத்தை வேரோடு பெயர்த்து, வேலி போட்டு, மீதியை நிலத்திடம் விட்டுவிடுவது. சீமைக் கருவேலத்தை அடியோடு வெட்டினால் போதாது. அடிக்கட்டையிலிருந்து முன்பைவிடப் புதராகத் தழைக்கும். ஜேசிபியால் பெயர்த்து, அடுத்த இரண்டு மழைக்காலத்தில் முளைக்கும் கன்றுகளை ஈரமண்ணில் கையால் பிடுங்க வேண்டும். ஆனால் ஒரே நாளில் முழுவதையும் துடைத்துவிட வேண்டாம். அதில் கூடு கட்டியிருக்கும் பறவைக்கு வேறு மறைவு வளரும்வரை பகுதி பகுதியாகச் செய்யுங்கள்.

பனை, ஈச்சை, வேம்பு, நொச்சி, எருக்கு, ஆவாரை ஆகியவை அங்கே ஏற்கெனவே இருந்தால் இந்த வழியின் வெற்றி உறுதி. காக்கை, குயில், வௌவால் போடும் விதைகளில் இன்னும் பல வரும். பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்பதையும் ஒப்பந்ததாரருக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

ஈரநிலம், சதுப்பை ஒட்டிய நிலம் ஆகியவற்றுக்கு இதுதான் ஒரே சரியான தேர்வு. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் 2022-ல் உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது அதன் மரத்துக்காக அல்ல. கோரைக்கும் திறந்த நீருக்கும் அங்கே வந்துபோகும் பறவைகளுக்கும். அங்கே மரம் நடுவது உதவியல்ல, சேதம்.

பலவீனம் ஒன்றே: வெறுமையாகத் தெரியும் அரசு நிலம் ஆக்கிரமிப்பை அழைக்கும். வேலியும் பலகையும் மட்டும் தடுக்காது. கண் வைத்திருக்க நாலு வீடாவது பக்கத்தில் இருக்க வேண்டும்.

## ஒரு பார்வையில்

| அளவுகோல் (1,000 சதுர மீட்டருக்கு) | குறுங்காடு | குளப் பூங்கா | நடைபாதைப் பூங்கா | வேலி மட்டும் |
|---|---|---|---|---|
| ஏற்ற மட்டம் | மேடு | சாலையைவிடத் தாழ்வு | சமதளம் | எதுவும். ஈரநிலத்துக்குக் கட்டாயம் |
| தொடக்கச் செலவு | அதிகம் | அதிகம் | நடுத்தரம் முதல் அதிகம் | குறைவு |
| கோடைத் தண்ணீர் | 2 ஆண்டுக்கு நாளுக்கு 5,000 லிட்டர் | கரைச்செடிக்கு மட்டும் | புல் உள்ளவரை | இல்லை |
| தெரு வெள்ளத்துக்கு உதவி | தன்மேல் பெய்ததை மட்டும் | மிக அதிகம் | தளத்தைப் பொறுத்து | தாழ்வானால் நல்லது |
| மக்கள் உள்ளே வரலாமா | இல்லை | மழை தவிர ஆம் | ஆம் | இல்லை |
| கெடுப்பது எது | தண்ணீர் நிறுத்தம், எண்ணிக்கைக் கணக்கு | சாக்கடை, வண்டல் | கான்கிரீட் | ஆக்கிரமிப்பு, குப்பை |
| முதல் பலன் | 3 ஆண்டு | முதல் மழை | திறந்த அன்றே | 4, 5 ஆண்டு |

## கலந்து செய்தால்?

25 சென்ட்டில் மூன்றையும் கலக்கலாம், செய்வதும் நல்லது. தாழ்ந்த மூலையில் 300 சதுர மீட்டர் பள்ளம், சாலைப் பக்க ஓரமாக 4 மீட்டர் அகலத்தில் அடர்நடவு, மீதியில் செம்மண் நடைபாதையும் திறந்த மண்ணும். ஆனால் அடர்நடவுக்கும் உறைகிணற்றுக்கும் இடையே 5 மீட்டராவது விடுங்கள். அத்திக் குடும்ப மரங்களைப் பள்ளத்தின் பக்கமே கொண்டுவராதீர்கள். ஆல், அரசின் வேர் உறையின் இணைப்பைத் தேடிப் போகும். தோண்டிய மண்ணை வெளியே விற்க விடாமல் அடர்நடவுப் பாத்தியை உயர்த்தப் பயன்படுத்தினால் இரு செலவும் குறையும். 10 சென்ட்டுக்குக் கீழான துண்டு நிலத்தில் கலக்க முயன்றால் எதுவும் உருப்படாது. தாழ்வென்றால் பள்ளம், மேடென்றால் மரம் என்று ஒன்றோடு நிறுத்துங்கள்.

## மனுவில் என்ன எழுத வேண்டும்

'பூங்கா அமைத்துத் தருக' என்று ஒரு வரியில் கொடுத்த மனுவுக்கு, பக்கத்து வார்டின் எஸ்டிமேட் தேதி மாறி வரும். உதவிப் பொறியாளரிடம் கொடுக்கும் தாளில் மட்ட அளவு, குழிச் சோதனை முடிவு, சித்திரை மாத வடிகால் படம் மூன்றும் இணைத்திருக்கட்டும். வார்டு மக்கள் கூடும் ஏரியா சபைக் கூட்டத்தில் தீர்மானமாகவும் பதிவு செய்யுங்கள். பணம் தடையானால், அரசும் மக்களும் செலவைப் பகிரும் 'நமக்கு நாமே' திட்டம் உண்டு. பொதுமக்கள் பங்கு குறைந்தது மூன்றில் ஒன்று.

காடு என்றால்: மரப்பட்டியல் தமிழ்ப் பெயரோடும் தாவரவியல் பெயரோடும், 24 மாதப் பராமரிப்பு, கடைசித் தவணைப் பணம் கன்றுகளின் தலை எண்ணிக்கைக்கு அல்ல, நிழல் மூடிய பரப்புக்கும் உயிரோடிருக்கும் வகைகளின் எண்ணிக்கைக்கும். குளமென்றால்: கரைக்குக் கான்கிரீட் இல்லை, மிகைநீர்க் குழாயின் மட்டம் வடிகால் அடித்தளத்துக்கு மேல், வண்டல் அள்ளும் மாதங்கள் பராமரிப்பு அட்டவணையில். இவ்விரு வரிகளும் இல்லாத பணி ஆணையில் சங்கத்தின் பிரதிநிதி சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டாம்.

நாள் குறிப்பதிலும் ஒரு பிடிவாதம் தேவை. ஜூன் 5 சுற்றுச்சூழல் தினத்தன்று நட அழைப்பு வரும். கத்திரி முடிந்து ஒரு வாரம். நட்டால் நாலு மாதம் டேங்கர் ஓட்ட வேண்டும். அன்று வேண்டுமானால் பலகை திறந்துகொள்ளட்டும். மண்வேலை ஆடிக்குள் முடியட்டும், நடவு ஆவணிக் கடைசியில் நல்ல மழை ஒன்று பெய்தபிறகு. பள்ளமும் மிகைநீர்க் குழாயும் செப்டம்பர் 30-க்குள் முடியாதென்று தெரிந்தால் அந்த ஆண்டு தோண்டவே விடாதீர்கள். அக்டோபர் நடுவில் பருவமழை தொடங்கும்போது பாதி வெட்டிய பள்ளம் முதலில் விழுங்குவது அதன் சொந்தக் கரையைத்தான்.